தொழில் பெற்றவர் பட்டியல்

5 மே 2025, திங்கள்

நாளைக்கு வேலை! வெல்டிங் வகுப்பு முடிஞ்சு மூன்றாம் வாரமே. படிப்பிச்ச முனீப் சேர்தான் போனில் கோல் எடுத்தார். "ரிஸ்லா, டவுன்ல என்ட மச்சான்ட கேற், கிறில் செய்ற கடைக்கு ஏழரைக்கு வாங்க. சப்பாத்துப் போட்டுக்கிட்டு வாங்க." பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று நின்ற வாப்பாவை, கிண்ணியாவில எங்கட வீட்டுக்கே வந்து கதைச்சுச் சம்மதிக்க வைத்த மனுசன். உம்மா வட்டிலாப்பம் அவித்து அக்கம்பக்கம் எல்லாம் குடுத்தா.

6 மே

எழுத ஏலாது.

7 மே

நேற்று பத்து மணிவரை ஒரு கேற்றுக்குக் கம்பி ஒட்டினேன். பிறகு பயிற்சித் திட்டத்தைப் பார்க்கிற ரெண்டு அதிகாரிகள் கொழும்பிலிருந்து வந்தார்கள். "எங்கட மாணவி, இங்கதான் வேலை" என்று சேர் என்னைக் காட்டினார். ஒரு தாளை நீட்டினார். வேலைக்குச் சேர்கிற கடிதம் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். வாசிச்சனா? இல்லை. சேர் நீட்டின தாளை அவருக்கு முன்னால வாசிச்சா சந்தேகப்படுற மாதிரி இருக்குமாம். மடைச்சி.

வாகனம் போனதும் மச்சான்காரர் என் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கி ஆணியில் கொழுவினார். "தேவையெண்டா சொல்லி அனுப்புறம் தங்கச்சி." சேர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

உம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் சப்பாத்தோடு வெளிக்கிட்டு, பின்னேரம்வரை பாலத்தடியில் இருந்துவிட்டு வந்தேன்.

10 மே

உம்மாவுக்குத் தெரிஞ்சிட்டு. ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

18 ஜூன், புதன்

துறைமுகத்தில் படகு திருத்துகிற இடத்துக்கு ஆறு வெல்டர்கள் வேணுமாம். பயிற்சி முடித்து வேலை கிடைக்காதவர்கள் மட்டும். என்னோடு படித்த டிலக்ஷிக்கு இன்டவியூ கடிதம் வந்திருக்கு, எனக்கு இல்லை. பயிற்சி அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த கிளாக்கரிடம் கேட்டேன்.

"நீங்க தொழில் பெற்றவர் பட்டியல்ல இருக்கிறீங்களே. இந்தா, மே ஆறாந் திகதி வச்ச உங்கட கையெழுத்து."

டிலக்ஷிக்கு வெல்டிங் ரொட் பிடிக்கக் காட்டிக் குடுத்ததே நான். அவளில் எனக்குக் கோவம் இல்லை — பொய். கொஞ்சம் இருக்கு.

19 ஜூன்

சேரிடம் போனேன். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை.

"படிச்சு முடிச்ச ஆளுக்கு வேலை கிடைச்சதாக் காட்டாட்டி அடுத்த வருசம் பொம்புளப் புள்ளைகளுக்கு வகுப்பே நடத்த விடமாட்டாங்க. நீங்க விளங்கிக்குவீங்க எண்டு நினைச்சன் ரிஸ்லா."

விளங்குது சேர். விளங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பாள் எண்டுதானே என்னப் பிடிச்சீங்க? வாப்பாக்கிட்ட "உங்கட மகளுக்கு நான் பொறுப்பு" எண்டு சொன்னீங்களே, அந்த வாயாலயா இப்ப இதைச் சொல்றீங்க? — அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. எல்லாம் இந்தக் கொப்பியிலதான் வருது.

திரும்பி வரும்போது, பதிவைத் திருத்தச் சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் போட்டேன்.

11 ஜூலை

டிலக்ஷிக்குக் கிடைச்சிட்டு. வாழ்த்துச் சொன்னேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

கொழும்பிலிருந்து பதில் இல்லை. எத்தனை நாளைக்கு வீட்டில் இருக்கிறது? டவுனில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நிற்க வேணும். சேல்ஸ் கேர்ள் என்றதும் வாப்பா எழும்பி வாசலுக்குப் போனார்.

25 செப்டம்பர், வியாழன்

கடையில் நிற்கும்போது கொழும்பிலிருந்து கோல். ஒரு பொம்பிளை, தமிழில், நல்ல மரியாதையாக.

"தொழில் பெற்றவர் எண்டு பிழையாப் பதிஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்க. இப்ப எங்கயாவது வேலை செய்றீங்களா?"

"ஓம் மிஸ். புடவைக்கடையில சாரி மடிக்கிறன்."

கொஞ்ச நேரம் ரைப் பண்ணுகிற சத்தம்.

"அப்ப பதிவு சரிதானே தங்கச்சி. உங்கட முறைப்பாட்டை முடிச்சு விடுறன், என்ன?"

ஓம் என்றேன். ஆட்கள் வந்து நின்றார்கள், போனை வைத்துவிட்டுப் போய்ச் சாரி விரித்துக் காட்டினேன்.