ஒட்டகத்தின் இமை

சலாலா,
மூடுபனிக் காலம்.

அன்புள்ள மஹாதுக்கு,

உங்கள் மீதும், ஸான்ஸிபாரில் உங்களோடு இருக்கும் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். உங்கள் அண்ணன் எழுந்து நடமாடுகிறார் என்று கேட்டதும் உங்கள் உம்மா ஆடு அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் சோறு போட்டார். போனில் உங்களிடம் நலமா என்று கேட்டால் நலம் என்கிறீர்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி இறங்கிவிட்டது. மலையைக் காணோம். காலையில் கதவைத் திறந்தால் முற்றமும் இல்லை, வேலியும் இல்லை. வெள்ளைக்குள் எங்கோ ஆட்டுமணி கேட்கிறது, ஆடு தெரியவில்லை. நானும் பாதி கனவில்தான் நடமாடுகிறேன். ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கியாயிற்று. உங்கள் செல்ல ஒட்டகம் ஸம்ஹா மட்டும் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "அவன் வந்து கூப்பிட்டாத்தான் இது காலை எடுத்து வைக்கும்" என்று உம்மா அலுத்துக்கொண்டார்.

பனியைத் தண்ணீராகப் பிடிக்கும் நம் பனிவலை வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிற்கிறது. அடியில் வைத்த பீப்பாய் விடியும்போது நிரம்பியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் மரக்கன்றுகள் எல்லாம் துளிர்விட்டன. ஆனால் விருந்தாளிகள் வந்தால் பழைய கூடாரத் துணியைப் போட்டு வலையை மூடிவிடுகிறேன். கேட்டவர்களிடம் கோழிக்கூடு என்றேன். "கோழியே இல்லாத வீட்டுல கூடு எதுக்குடி? உள்ள புருஷனை ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று உங்கள் அத்தை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறைப்பதற்குக் காரணம் ஷம்ஸா. காப்புரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் மஸ்கட் வக்கீல். "ஊரே பார்த்துட்ட பொருளுக்கு உரிமை கேக்குறது கஷ்டம். முதல்ல விண்ணப்பம், அப்புறம் எத்தனை பேருக்கு வேணும்னாலும் காட்டுங்க" என்று சொல்லியிருந்தாள். போன வாரம் அவளே நேரில் வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இதில் புதிது என்ன என்று கேட்டாள். நான் வலையைத் தாங்கும் என் இரும்புச் சட்டத்தைச் சொன்னேன், கம்பத்தின் கோணத்தைச் சொன்னேன், காற்றுக் கணக்கைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இதெல்லாம் வேற நாட்டுல ஏற்கெனவே செஞ்சிருக்காங்கம்மா" என்றாள். என் முகம் வாடிவிட்டது.

பிறகு வலையின் விளிம்பில் சாய்வாகத் தொங்கும் ஆட்டுமயிர் இழைகளைத் தொட்டாள். "இதை நான் எங்கயும் பார்த்ததில்லை. யாரோட யோசனை?" என்றாள்.

சொன்னேன். ஒருநாள் பனியில் ஸம்ஹாவின் முகத்தைத் துடைக்கப் போன நீங்கள், துடைக்காமல் அப்படியே நின்றீர்கள். இமை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. கண் மட்டும் ஈரமில்லாமல் இருந்தது. "கஸாலா, இங்க வந்து பாரேன், பனியைக் கோத்து வச்சிருக்கா" என்று கூப்பிட்டீர்கள். அன்று மாலையே என் தட்டையான வலையில் இழைகளை முடிந்து தொங்கவிட்டீர்கள். நான்கூட அழகுக்கு என்றுதான் நினைத்தேன், மறுநாள் பீப்பாய் நிரம்பும் வரை.

ஷம்ஸா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ இதைக் கண்டுபிடிச்சவர் அவர்தான். அவர் பேர்தான் முதல்ல வரணும்" என்றாள்.

மஹாத், அந்த நேரத்தில் பகீத் அங்கே இருந்திருக்க வேண்டும். "வீட்டுல பொண்டாட்டி இன்ஜினியர், நம்மாளு ஒட்டகத்துக்கு எடுபிடி" என்று சபையில் சொன்ன அதே பகீத். நீங்களும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தீர்கள். அடுத்த வாரமே அண்ணனுக்கு முடியவில்லை என்று புறப்பட்டீர்கள். அண்ணனுக்கு முடியவில்லைதான். இப்போது அவர் நடக்கிறார்.

வலையின் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தவன் பகீத் என்பதால் அவனுக்கு அமைப்பு முழுக்கத் தெரியும். திருவிழாத் திடலில் இதேபோல் ஒன்று கட்டி எல்லோருக்கும் காட்டப்போகிறானாம். கெஞ்சிக் கூத்தாடியதில், "பனி விலகுற வரைக்கும் பொறுத்துக்கறேன், அதுக்கு மேல ஆகாது" என்றான். அதற்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். வரைபடங்கள் தயார். அரபியில் விளக்கமும் எழுதியாயிற்று. நம் மலைமொழியில் நீங்கள் இழைக்கு வைத்த பெயருக்கு அரபியில் சொல் அகப்படவில்லை. 'சாய்ந்த இழைகளின் வரிசை' என்று போட்டிருக்கிறோம். வறட்சியாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

தட்டச்சு செய்துகொடுத்த ஆள், "அவர் ஊர்ல இல்லேன்னா உங்க பேரை மட்டும் போடுங்க, யார் கேக்கப் போறா?" என்றான். அவனுக்கு இரண்டாம் கோப்பை காப்பி ஊற்றவில்லை. நம் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை என்று உம்மாவே ஆச்சரியப்பட்டார்.

உங்கள் கையெழுத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. அங்கே நம் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பலாம். இல்லை, இங்கே வந்து ஷம்ஸாவின் முன்னால் போடலாம். முதல் வழிதான் சுலபம் என்று சொல்லி, அதற்கான தாளையும் என்னிடம் கொடுத்து உடனே அனுப்பச் சொன்னாள்.

இந்த உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாலும் அந்தத் தாள் கிடைக்காது. உங்கள் பெயர் முதலில் இருக்கும் விளக்கத்தின் நகலை மட்டும்தான் வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். தாள் என் பெட்டியில் இருக்கிறது. காரியம் கெட்டால் கெடட்டும்.

பனி இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. ஸம்ஹாவும் மேட்டை விட்டு இறங்கவில்லை. இது விலகுவதற்குள் இறைவன் உங்களைப் பத்திரமாக நம் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
கஸாலா