சாச்சிகோ அம்மாவின் அரிசி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் மூட்டம். மழை மட்டும் வேண்டாம் சாமி. எங்கள் நெல் இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில், தார்ப்பாய்க்கு அடியில். ஈரம் கூடுதல் என்று நேற்றுத் திருப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் விடிந்ததும் போனார், காபிக்கு வந்தார், மறுபடி போனார். அங்கே நின்றால் காய்ந்துவிடுமா?

கயலுக்கு பி.பி. சரி. கால் வீக்கம் கொஞ்சம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். கிராம நர்ஸாக இருந்த காலமெல்லாம் ஊர்ப் பெண்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த மாத்திரைதான். சொந்த மகள் என்றதும் அட்டையை இரண்டு தரம் படிக்கிறேன்.

செய்ய வேண்டியவை: பழைய வேட்டி துவைத்துக் கிழித்து வைக்க. குத்தாலம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் தேதி கேட்க. பாத்ரூம் பல்பு. அந்த அரிசி.

அந்த அரிசிதான் பாடாய்ப் படுத்துகிறது. வளைகாப்புக்கு ஜப்பானிலிருந்து வந்தவள் பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு அரிசிப் பை ஒன்று எடுத்து வந்திருக்கிறாள். ஃபுக்குஷிமா அரிசி. நிலநடுக்கம், சுனாமி, அப்புறம் அணு உலை வெடிப்பு என்று டிவியில் ஓயாமல் காட்டினார்களே, அதே பக்கம். அவளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். இவளுக்கு மண் ஆராய்ச்சி. காலி செய்த ஊருக்குப் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி நடவு போடுகிறவர்களோடு வேலை. அவர்களில் ஒருத்தர் சாச்சிகோ அம்மா, இவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். "உங்கம்மாவுக்குக் கொடு" என்று தன் வயல் அரிசியைக் கொடுத்தனுப்பினாராம்.

வண்டு வந்துவிடும் என்று சொல்லி மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டேன். அங்கே மட்டும் வண்டு வராதா என்று அவள் கேட்கவில்லை.

"அங்க நீ இதையா சாப்பிடற?"

"பின்ன வேற எதைம்மா சாப்பிடுவேன்?"

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாசமானதிலிருந்து மூன்று வேளையும் இதுதானே உள்ளே போயிருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

மூட்டம் கலையவில்லை. மழையும் இல்லை. இரண்டுங்கெட்டான்.

மீன்காரி செல்வராணி வந்தாள். தரங்கம்பாடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். சங்கரா மீன், நல்ல சிவப்பு. கழுவிக்கொண்டே மருமகளைத் திட்டினாள். கயலைப் பார்த்து, "வயிறு எறங்கியிருக்கு, சீக்கிரமே ஆயிடும் பாருங்க" என்றாள். எனக்கே பிரசவப் பாடம்.

சனியன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஜப்பான் அரிசி கொஞ்சம் கெடக்கு, எடுத்துட்டுப் போறியா செல்வராணி?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க ஆக்கலையா நர்சம்மா?"

"எங்களுக்குக் குழைஞ்ச சோறு ஆவாது."

"அந்த அணு வெடிச்ச ஊரா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. இவர் டீக்கடையில் சொல்லியிருப்பார். ஆமாம் என்றேன். அவள் மீன் கையை முழங்கை வரை கழுவினாள்.

"வேணாம்மா. நமக்கு எதுக்கு வம்பு."

எனக்குச் சுருக்கென்றது. இங்கே 2004 சுனாமிக்குப் பிறகு மீன் பொணத்தைத் தின்றது என்று சொல்லி இந்தப் பக்கம் ஒரு வீட்டிலும் மீன் வாங்கவில்லை. பாத்திரத்தோடு வந்து பாத்திரத்தோடு திரும்பிப் போனவள் இவள். "ஒன்னும் செய்யாது, சாப்பிடுங்க" என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். அதைச் சொன்னேன்.

"அது கடலுங்க. அலை வந்துச்சு, அள்ளிட்டுப் போயிருச்சு, முடிஞ்சு போச்சு. இது கண்ணுக்கே தெரியாதுங்குறாங்க. தெரியாததுக்கு என்னன்னு பயப்படுறது, என்னன்னு பயப்படாம இருக்குறது?"

காசைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பினால் கயல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் செத்துக் கிடந்தது.

"வெஷம்னு நெனச்சா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா. பிள்ளைய எடுத்துக்கிட்டு அங்க போவாதன்னும் சொல்லு. செல்வராணி தலையில ஏன் கட்டுற?"

மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தூறல். நெல் நனையவில்லை, மேல் மூட்டைகள் மட்டும் ஓரத்தில் ஈரம். இன்றும் எடுக்கவில்லை.

கயல் கேட்டதற்கு மட்டும் பதில். "ம்." "இல்ல." "அப்புறமா."

ஆனால் அப்பாவிடம் பேச்சுக்குக் குறைவில்லை. அங்கே வயலின் மேல்மண்ணைச் சுரண்டி, கறுப்புப் பைகளில் கட்டி, வரிசை வரிசையாக அடுக்கினார்களாம். அந்த இடத்தில் மலை மண்ணைக் கொட்டினார்களாம். ஒரே கல்லாம். சாச்சிகோ அம்மா பொறுக்கிக்கொண்டே இருந்தாராம்.

"மேல்மண்ண வழிச்சு எடுத்துட்டா அப்பறம் வயல்ல என்னம்மா இருக்கு?" இவர் நிஜமாகவே கலங்கிப் போனார். தன் நெல்லைத் திருப்பியபோதுகூட இந்த முகம் இல்லை.

"ஒன்னும் இருக்காதுப்பா. மொதல்ல இருந்து மண்ணு பண்ணணும். அதான் என் வேலை."

"அரிசிய எப்புடி எடுப்பாங்க? நம்ம மாதிரி ஈரம் பாப்பாங்களா?"

"ரொம்ப வருஷம் ஒவ்வொரு மூட்டையா மெஷின்ல வச்சுக் கதிர்வீச்சு பாத்தாங்க. இப்பவும் பாக்குறோம். நானே பாக்குறேன், அளவுக்குக் கீழதான் இருக்கு."

இவர் உடனே, "அங்கயும் மெஷின்காரன் வெச்சதுதான் சட்டமா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னையும் கூப்பிட்டிருக்கலாம்.

படித்தவள் நீ, கணக்கெல்லாம் புரியும் உனக்கு, என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். புரிகிறது. பெற்ற வயிறு கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததும் இங்கேயே இருந்துவிடு என்று சொல்லத்தான் வாய் துடிக்கிறது. சொன்னால் அடுத்த பிரசவத்துக்கு இங்கே வரமாட்டாள்.

பிப்ரவரி 7, சனி

வெயில். அப்பாடா. நெல் எடுத்துவிட்டார்கள். இவர் சலூனுக்குப் போயிருக்கிறார்.

மதியம் ஜப்பானிலிருந்து வீடியோ கால். சாச்சிகோ அம்மா. கம்பளித் தொப்பி, சின்ன முகம், பின்னால் ஜன்னலில் பனி வெள்ளையாக. வயிற்றைக் காட்டச் சொன்னார். கயல் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் கும்பிட்டேன், அவரும் குனிந்தார், நான் மறுபடி கும்பிட்டேன். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஏதோ கேட்டார். கயல் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அரிசி எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. ருசியா இருந்துச்சுன்னு."

சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். முகம் மாறவில்லை, சிரிப்பும் போகவில்லை. கயல் எனக்குச் சொல்லாமல் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

ஃபோனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன சொன்னாங்க?"

"விடும்மா."

"சொல்லுடி."

"அவங்க மகன் டோக்கியோல இருக்காரு. ஒவ்வொரு அறுப்புக்கும் அரிசி அனுப்புவாங்க. அவரும் ஃபோன்ல இதையேதான் சொல்வாராம். ருசியா இருந்துச்சுன்னு." ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு, "அவரு பிரிக்கிறதுகூட இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்மா" என்றாள்.

வெட்கம். வேறு வார்த்தை இல்லை. என்னைவிட மூத்தவர், கல் பொறுக்கி விளைவித்தவர், என் பொய்யைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

சாயங்காலம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பல்பு மாற்றினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். செல்வராணியிடம் மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பரணிலிருந்து பையை இறக்கினேன். வண்டு இல்லை. குண்டு குண்டாகக் குட்டை அரிசி, கண்ணாடி மாதிரி. களைந்து உலையில் போட்டேன். கயலிடம் கேட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை. வழக்கம் போலக் கஞ்சியை வடிக்கப் பானையைச் சாய்த்தால், சொட்டுக்கூட வரவில்லை. கஞ்சியும் சோறும் ஒன்றாகிவிட்டன. பசை. இதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம்.

நான் மட்டும் சாப்பிடுவதாகத்தான் திட்டம். அவளுக்குத் தனியாகப் பொன்னி வடித்து வைத்திருந்தேன். வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்து முதல் வாய். லேசாக இனிப்பு. ஒன்றும் ஆகவில்லை, என்ன ஆகும் என்று எதிர்பார்த்தேனோ.

இவர் எட்டிப் பார்த்தார். "பொங்கலா?" தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தான இருக்கு. இதுக்கா இவ்வளவு?"

கயல் எழுந்து வந்தாள். பானையைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். எதிரே காலை நீட்டி உட்கார்ந்து தட்டை நீட்டினாள்.

"ஒனக்கு பொன்னி இருக்கு."

"இதப் போடும்மா."

கரண்டியைப் பானையிலேயே வைத்தேன். நான் சாப்பிட்டதில் என்ன வீரம்? வாழ்ந்து முடித்த உடம்பு. அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போடுவேன்? போட்டால், போய் வா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ என்று நானே சொன்ன மாதிரி. அவளுக்கும் அது தெரியும். தட்டை இறக்கவில்லை. இவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பயம் போகவில்லை. பயத்தோடுதான் போட்டேன். சோறு கரண்டியை விடமாட்டேன் என்றது. தட்டின் விளிம்பில் இரண்டு முறை தட்டினேன். விழுந்தது.