ஓரிக்ஸுக்கு எந்தத் தோட்டா

அன்புள்ள டெட்லெஃப்,

ஜூனில் உன் மகள் ஹைக்கேயைப் பண்ணைக்கு அழைத்து வருவதாகவும், அவளுடைய முதல் ஓரிக்ஸ் வேட்டைக்கு உன் பழைய .243 துப்பாக்கி போதுமா என்றும் கேட்டிருக்கிறாய். சிறிய மானுக்குப் போதும். ஈட்டி போன்ற கொம்பும் மாட்டு உடம்புமான ஓரிக்ஸுக்குப் போதாது. அதன் தோள் எலும்பு தடிமனானது. சின்னத் தோட்டா அதைக் கொல்லாது, படுக்க மட்டுமே வைக்கும்.

"சரியான இடத்துல பட்டா எந்தத் தோட்டாவும் போதும்பா" என்று அந்த .243-ஆல் உன் முதல் ஓரிக்ஸைச் சுட்ட அன்றும் உன் அப்பாவிடம் சொன்னாய்.

"கொசு அடிக்கிற தோட்டாடா அது" என்று உன் அப்பா சிரித்தார். "சரி, விழுந்துடுச்சில்ல, கத்தியைக் குடு."

அவர் குனிந்தபோது விழுந்து கிடந்த ஓரிக்ஸ் எழுந்தது. கொம்பு அவர் வயிற்றில் ஏறியது. நீ துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றாய்.

அவரே சுட்டார், அவரே கிட்டே போனார் என்று போலீசிடம் சொன்னேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்த நான் சொன்னதால் யாரும் சந்தேகப்படவில்லை.

உன் அப்பாவின் பெரிய 9.3 துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தோளில் உதைக்கும், பழகிக்கொள்ளட்டும். உன்னுடையதைக் கொண்டு வந்தால் வாசலோடு திரும்பிப் போ. அவள் சுடுவாள், நீ கிட்டே போவாய். உனக்காகச் சொன்ன பொய்யை அவளுக்காகவும் சொல்ல என்னால் முடியாது.

ஜூன் இங்கே குளிர்காலம், காலையில் குளிர் கடுமை. அவளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வை.

உன் அம்மா