நாலாவது தேசிக்காய்

ஞாயிறு, இரவு

சிரிப்பு அடங்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

கராஜில் நானே வெட்டி ஒட்டிக் கட்டிய ஹாட் ராட் இன்று முதன்முறையாக வெளியே வந்தது. பழைய காரின் உடம்பு, பெரிய எஞ்சின், பின்னால் அகலச் சில்லுகள், அவற்றை மேலே மூட என் கையால் வளைத்த மட்காட். ஸ்டார்ட் செய்யமுன் என் மனைவி சுபா கண்ணூறு கழிய நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாள்.

"கடையில வாங்கின காருக்குத்தான் இதெல்லாம்" என்றேன்.

"நீங்கள் கட்டினதுக்குத்தான் கட்டாயம் வைக்கவேணும்."

மெதுவாக விட்டேன். மூன்று தேசிக்காய் நசுங்கின. நாலாவது கல்லுப்போல் நின்று பின்சில்லைத் தூக்க, டயர் மட்காட்டில் கிறீச்சென்று உரசியது. புதுப் பெயின்ட் போய்விட்டது. காரை ஜாக்கில் தூக்கி, சில்லு கீழே தொங்கும்போதே இடைவெளியை அளந்திருக்கிறேன், மடையன்; பாரம் ஏறினால் அது குறையும் என்று நினைக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இஞ்சாருங்கோ, எங்கட நோர்பரியில தெருவுக்குத் தெரு ஸ்பீட் பம்ப். அதில ஏறி டயர் கிழியாமல் வாசலிலயே தெரிஞ்சிட்டுதே!"

மட்காட்டைக் கழற்றி, விளிம்பில் ஒரு விரலகலம் வெட்டி, அரத்தால் ராவிப் பூட்டினேன். பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்தது சொதிக்குப் பிழிய வைத்த ஒரே தேசிக்காய். சுபா அதையும் கொண்டுவந்து சில்லுக்கடியில் வைத்தாள்.

சதக்கென்று நசுங்கியது. வேறு ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் தெருவே பார்க்கக் கத்தினோம்.

சொதி புளிப்பில்லாமல் சப்பென்று இருந்தது. இடியப்பத்துக்கு மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டேன்.