எல்லாமே அர்ஜென்ட்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு லேபுக்கு வந்த டப்பாக்களில் ஒன்று பாக்கியில்லாமல் சிவப்புச் சீட்டு: அர்ஜென்ட். எல்லாமே அர்ஜென்ட் என்றால் எதைத்தான் முதலில் எடுப்பது? போனில் யாராவது அழுதால்தான் நிஜ அர்ஜென்ட் என்று நாங்களே வைத்துக்கொண்டிருக்கிறோம். சதைத்துணுக்கு கெட்டிப்பட ஒரு ராத்திரி முழுக்க ஃபார்மலின் மருந்தில் ஊறித்தான் ஆகவேண்டும். அதற்கு இங்கிலீஷ் தெரியாது.

மார்ச் 5, வியாழன்

அக்காவுக்கு மார்பில் கட்டி. நாளைக்கு ஊசி வைத்துச் சதை எடுக்கிறார்கள். எங்கள் லேபுக்குத்தான் வரும். "நீ இருக்கும்போது எனக்கென்னடி, சீக்கிரம் பாத்துச் சொல்லிடுவ," என்று சிரித்தாள்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் அக்காவின் டப்பா வந்தது. நானே கொட்டை எழுத்தில் அர்ஜென்ட் என்று எழுதி ஒட்டினேன். பக்கத்து மேஜைக்காரி, "நீயுமாடி?" என்றாள்.

அக்கா போன் மேல் போன். "என்னடி ஆச்சு? என்னடி ஆச்சு?" என் கை சும்மா இருக்குமா? ஊறினது போதும் என்று சாயங்காலமே எடுத்து மெஷினில் போட்டுவிட்டேன். போதுமா? சின்னத் துணுக்குதானே — போதும்.

மார்ச் 7, சனி

போதவில்லை. மெல்லிசாகச் சீவச் சீவப் பிய்ந்து வந்தது. லேப் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

என்னை நானே திட்டிக்கொண்டேன்: அடிப்பாவி, இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தருக்கும் இப்படிப் பண்ணினதில்லையே! உனக்குப் பொறுமை இல்லன்னா அவ ஏண்டி குத்துப்படணும்?

மார்ச் 8, ஞாயிறு

"சாம்பிள் சரியில்லையாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். வேறு யாரோ கெடுத்த மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா மறுபடி ஊசி குத்திக்கொண்டு வந்து படுத்திருந்தாள். கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "வலிச்சுச்சுடி," என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 11, புதன்

அக்காவின் புது டப்பாவைப் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டு லீவு போட்டேன். அலமாரியை அடுக்கினேன். கலைத்தேன். திரும்ப அடுக்கினேன். லேபுக்குப் போன் பண்ணவில்லை.

மார்ச் 13, வெள்ளி

புற்றுநோய்தான்.

ஆபரேஷன் டாக்டர் அர்ஜென்ட் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக, "நாளைக்கே அட்மிட் ஆயிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். நான் பொறுத்திருந்தால் திங்கட்கிழமையே கேட்டிருப்பார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பசங்கள ஸ்கூலுக்கு யாருடி கிளப்புறது?"

"நான் வரேங்க்கா."

"சின்னவன் காலைல ரொம்ப லேட் பண்ணுவான். அவனை விரட்டாதே."