ஓடாத ஏசியின் பில்

பொகவந்தலாவை
17.08.2025

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் கட்டார் வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டு வருகிறோம். மூன்று வாரமாக மழை விடவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கீரைப் பாத்தியில்தான் நிற்கிறாள், சொன்னால் கேட்கிற ஆளா. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பிரதாப் பேரை எடுத்த உடனே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, பட்டென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். நம் லயத்து வரிசை வீட்டுத் தர்ஷன் லீவு முடிந்து புதன்கிழமை கட்டாருக்குத் திரும்பி வருகிறான், அவன் கையில் இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்திருக்கிறேன். முதலில் இதைப் படி, பிறகு அதைப் பிரி.

உன் பெரியப்பா மகள் நிரோஷினி அக்காவின் புருஷன் பிரதாப் டவுனில் புது வீடு கட்டியதும் ஹாலில் ஏசி மாட்டியதும் உனக்குத் தெரியும், வீட்டைக் காட்டும் முன்னால் அதைத்தான் வீடியோவில் காட்டியிருப்பான். பொகவந்தலாவையில் ஏசி! பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடக்கிற ஊரில், குளிரைக் காசு கொடுத்து வாங்கிய முதல் மனிதன் அவன்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை எல்லாம் டீக்குக் கூப்பிட்டான், நாங்களும் போனோம். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மூன்று மாதக் கரண்ட் பில்லைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறான். "ஏசி போடுறதுக்கு முந்தியும் இந்தப் பில்லுதான், போட்ட பொறகும் இந்தப் பில்லுதான். எல்லாம் இந்தக் கரண்ட் சேவர் செய்யிற வேல" என்று சுவரில் சொருகிய, சோப்புப் பெட்டி அளவு ஒரு பெட்டியைக் காட்டினான், அதில் ஒரு பச்சை விளக்கு. கொழும்பில் இருந்து மொத்தமாக எடுத்து, கடைக்குக் கடை ஏசி இருக்கிற மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விற்கப் போகிறானாம். "நம்ம தனுஜாவும் அடுத்த மாசக் கடைசியில காசு அனுப்பிக் கூட்டுச் சேருது" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். உன் ஏழு வருஷத்துச் சேமிப்பு எங்கே போகிறது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது மகள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஹாலில் மாட்டியிருந்த கடிகாரமே சூட்டின் அளவையும் காட்டும், அதில் பத்தொன்பது என்று இருந்தது. ரிமோட்டில் இருபத்து நாலு. நான் மெல்ல எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் ஏசியின் வெளிப்பெட்டியைப் பார்த்தேன். காற்றாடி அசையவில்லை, கையை வைத்தால் ஜில்லென்று கிடக்கிறது. பத்தொன்பதில் இருக்கிற ஹாலை இருபத்து நாலுக்குக் குளிராக்கு என்றால் மெஷின் என்ன செய்யும், சும்மாதான் இருக்கும். உள்ளே இருக்கிற சின்னக் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்கு என்ன பெரிய கரண்ட் போய்விடப் போகிறது. உள்ளே வந்து இதைச் சொன்னேன். பிரதாப் சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க பேக்டரியில கொழுந்து வாட்டுன ஆளு. இது வேற டெக்னாலஜி, ஒங்களுக்கு வெளங்காது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், பாதிப் பேர் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்கள். அவ்வளவு புத்திசாலிகள்.

ஆமாம், கொழுந்து வாட்டின ஆள்தான். முப்பத்தொரு வருஷம், தேயிலைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற அந்தப் பேக்டரி மாடியில் இரண்டு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்று வெறுமையாக இருக்கும், ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். பேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் வந்தால் கேட்பது ஒன்றே ஒன்று, இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை. காற்று காய்ந்திருந்தால்தான் வித்தியாசம் கூடும், கொழுந்தும் வாடும். வெயில் நாளில் வித்தியாசம் தானாக வரும், விறகு மிச்சம். மழை நாளில் வராது, அடுப்பை எரித்து நாமாக உண்டாக்க வேண்டும், வண்டி வண்டியாக விறகு போகும். ஏசிக்கும் அதே கதைதான். வெளியே எவ்வளவு சூடு, உள்ளே எவ்வளவு குளிர் கேட்கிறாய், நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் கரண்ட். சுவராலும் கதவாலும் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும், வித்தியாசம் கூடக் கூட இன்னும் வேகமாக வரும், மெஷின் ஓடி ஓடி அதை வெளியே தள்ள வேண்டும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நீ ஏழு வருஷமாக இருக்கிறாய், இது உனக்குத் தெரியாதா, பச்சை விளக்கைப் பார்த்து மயங்கிவிட்டாயே.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பிரதாப்பிடமே ஒரு சேவரை விலைக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி மட்டக்களப்புக்கு உன் சுதாகரன் மாமாவிடம் போனேன். அவன் போன் திருத்துகிற கடையில் ஏசி இருக்கிறது, காலை ஒன்பதில் இருந்து மாலை ஆறு வரை ஓடும். வெளியே முப்பத்து மூன்று, உள்ளே அவன் வைப்பது இருபது. நான் ஆறு நாள் அங்கே கடை வாசலில் உட்கார்ந்து காலையும் மாலையும் மீட்டரை எழுதினேன். சேவர் சொருகிய இரண்டு நாளும் பதினொரு யூனிட். சேவரைக் கழற்றிய இரண்டு நாளும் அதே பதினொரு யூனிட். கடைசி இரண்டு நாள் சேவர் இல்லாமலே இருபதை இருபத்தாறாக்கி, கதவு இடுக்கில் பழைய துணியை அடைத்து, ஒரு மேசைக் காற்றாடியைப் போட்டோம், எல்லாம் சேர்த்து ஏழு யூனிட். சுதாகரன் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுக்கா நான் இத்தன வருசமா பில்லுக் கட்டி அழுதேன்" என்றான். அப்புறம் அந்தச் சேவரைத் திருப்புளியால் திறந்தான். உள்ளே பச்சை விளக்கு ஒன்று, பட்டாணி அளவில் ஏதோ ஒன்று, மற்றதெல்லாம் கனத்துக்காக ஊற்றிய சிமெந்து. தர்ஷன் கையில் இருக்கிற பொட்டலம் அதுதான். சிமெந்து வியாபாரத்தில் கூட்டுச் சேர்கிறாய் என்று தெரிந்திருந்தால் மூட்டையாகவே வாங்கித் தந்திருப்பேன்.

திரும்பி வந்த மறுநாளே அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரதாப் வீட்டுக்குப் போய்க் கணக்கெழுதிய கொப்பியை அவன் மேசையில் வைத்தேன். அவன் அதைத் தொடவே இல்லை. "மட்டக்களப்புல வோல்டேஜ் வேற மாமா" என்றான், பிறகு கோபம் வந்து, "என் ஏசி ஓடலன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே, இப்பப் பாருங்க" என்று ரிமோட்டை எடுத்துப் பதினாறுக்கு இறக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பின்பக்கம் தடதடவென்று ஒரு சத்தம், வீடே அதிர்ந்தது. எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தால் காற்றாடிக் கம்பிக்குள்ளிருந்து வைக்கோலும் சருகும் பறந்துகொண்டிருக்கிறது. உள்ளே குருவி கூடு கட்டியிருக்கிறது மகள், கீழே சிமெந்துத் தரையில் இரண்டு முட்டை உடைந்து வழிகிறது, தாய்க்குருவி மதில்மேல் நின்று கத்துகிறது. அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நிரோஷினிதான் அந்தச் சருகைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள், "அப்போ இத்தன மாசமா இது ஒரு நாளும் ஓடலயா?"

பிரதாப் அவளை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தான். "அப்பாவுக்கு என்ன தெரியும், அவருகிட்டச் சொல்லாதீங்கன்னு ஒங்க மகதான் சொல்லிச்சு" என்றான். அவன் டெக்னாலஜி தெரிந்தவன், எங்கே அடித்தால் வலிக்கும் என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மா எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நீ சொன்னாயா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் எழுத வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, கொட்டுகிற மழையில் நிரோஷினி லயத்துக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை, வாசலிலேயே நின்று, "சித்தப்பா, தனுஜாவக் காசு அனுப்ப வேணாம்னு எழுதுங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க" என்றாள். பிரதாப்புக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியட்டும். ஒங்கள அப்புடிப் பேசும்போது நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இப்போது அந்த ஏசிக்கு ஒரு சாக்கைக் கட்டி மூடியிருக்கிறான், பில்லை மட்டும் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்து எடுக்கவில்லை.

காசு உன் வியர்வை, என்ன செய்ய வேண்டும் என்று நீதான் முடிவு எடுக்க வேண்டும். இராத்திரியில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு போர்வை போர்த்துப் படுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம், பில்லைக் கம்பனி கட்டினாலும் அது மூடத்தனம்தான், இருபத்தாறில் வைத்து ஒரு போர்வையோடு படு. தலை ஈரத்தோடு தூங்காதே. மாரியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்தவுடன் எனக்குப் போன் எடுக்க வேண்டாம், முதலில் நிரோஷினிக்கு எடுத்துப் பேசு. உனக்காக அப்படிச் சொல்லிவிட்டு, இனியும் பிரதாப்போடு அந்த வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமலை