கழித்துவிட்ட 212 குரல்கள்

மார்ச் 4
சோதனை முடிந்தது. அவசர உதவிக்கு வரும் அழைப்பைக் கேட்டு, உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று சொல்லும் மென்பொருள். அதை எவ்வளவு நம்பலாம் என்று அளக்கும் முறை, எங்கள் தரநிர்ணயக் குழு வெளியிடப்போகும் தர ஆவணத்துக்காக நான் எழுதியது. ஆயிரத்து எண்ணூறு பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி. காரின் என்ற எங்கள் குழுத் தலைவி ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்தாள்.

மார்ச் 11
ஒடெஸா என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டாள். பால்டிமோரில் இருபத்தாறு வருடம் அவசர அழைப்புகளை எடுத்தவள். பதிவுகளைக் கேட்டுச் சரியான பதிலைச் சொல்லும் எங்கள் மூன்று மதிப்பீட்டாளர்களில் ஒருத்தி. மூவரும் ஒரே பதில் சொல்லாத பதிவைக் கழித்துவிடுவது என் விதி. சரியான பதிலே தெரியாதபோது எதை வைத்து அளப்பது? அப்படிக் கழிந்தவை 212. அவற்றை மறுபடி கேட்டிருக்கிறாள்.

"டாக்டரம்மா, நீங்க கழிச்சதுல பாதிக்கு மேல நாக்கு குழறிப் பேசறவங்க. பேச்சு புரியலை, அதான் ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். நான் வேலையில இருந்தப்ப, புரியாத ஆளுக்குத்தான் முதல்ல வண்டி அனுப்புவேன்."

மார்ச் 12
212-ஐயும் கேட்டேன். 131 பேர் அவள் சொன்னபடியே. எப்படித் தோணாமப் போச்சு எனக்கு? எனக்குப் போய்! வீட்டில் தினமும் கேட்கும் குரல். பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் வென்டெல் இப்படித்தானே பேசுகிறார்.

ஏப்ரல் 2
குழுவில் சொன்னேன். புரியாத அழைப்பை ஆபத்து என்றே வைத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் மதிப்பெண் தொண்ணூறுக்குக் கீழே போகிறது. குழுவின் பதினேழு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஆவணத்தில் ஒரு வரியாவது மாறும். மென்பொருள் நிறுவனங்களிலிருந்து வந்த இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கருத்துச் சொல்லும் கெடுவும் முடிந்துவிட்டதாம். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், மூன்று வருடம்தானே என்றாள் காரின்.

மே 19
ஒன்றும் நகரவில்லை.

ஜூன் 30
தர ஆவணம் வெளியாகிவிட்டது. நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14
எங்கள் மாவட்டமும் அந்த மென்பொருளை வாங்கிவிட்டது. எதை நம்பி? அந்தத் தொண்ணூற்றேழை நம்பி. பகலெல்லாம் நான் வேலையில். வென்டெல் வீட்டில் தனியாக.

ஆகஸ்ட் 23
"மூச்சு விட முடியலை, வண்டி அனுப்புங்க" என்று வென்டெலைச் சொல்லவைத்துப் பதிவு செய்தேன். மென்பொருள் சொன்னது: அவசரமில்லை.

யார் குரல் என்று சொல்லாமல் மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தேன். ஒடெஸா, ஆபத்து என்றாள். ஒருவர், குடித்திருக்கிறார் என்றார். இன்னொருவருக்குத் தெரியவில்லை. மூன்று பேர், மூன்று பதில். என் விதிப்படி அவரும் கழிக்கவேண்டிய ஆள்தான்.

செப்டம்பர் 1
இன்று முதல் எங்கள் மாவட்டத்தில் அந்த மென்பொருள்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அவசர உதவி எண் 911-ஐக் கிழித்துவிட்டு, எதிர்வீட்டு ஓர்ட்டிஸின் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். வென்டெல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தச் சோதனை... நீ செஞ்சதுதானே?"

நாலு தடவை திணறித்தான் வந்தது. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.